குரல்கள் ஊருக்கு ஊர் மாறும்

பெங்களூரில் எங்களை முதலில் தடுக்கிவிட்டது ஒரு தமிழ்ச் சொல்.

விவேக் நகரில், குழந்தை இயேசு கோவிலுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் அருள்மேரி என்றொரு விதவை, ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளியூர்க்காரருக்குத் தன் மேல்மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறார். ஆட்டோவிலிருந்து இறங்கிய கையோடு அவரிடம் சொன்னேன்: "தம்பிக்கு வருத்தம். அதுக்குக் காட்டத்தான் வந்தனாங்கள்."

அருள்மேரி தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். சுதனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. நல்ல உயரம். பயணம் முழுக்கக் கழற்றாத தடித்த ஜாக்கெட்டோடு நின்றான்.

"வருத்தமா? இன்னாத்துக்கு வருத்தம்? லவ் மேட்டரா?"

யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம், கான்சரும் வருத்தம். இங்கே அது மனக்கவலை. நான் விளக்குவதற்குள் அவர் எங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கிவிட்டார். "எதுவா இருந்தாலும் முதல்ல ஊட்டா பண்ணுங்க. கவலை எங்கியும் ஓடிப்போவாது."

சோறும் தக்காளி ரசமும் பொரித்த மீனும் தந்தார். ரசத்தில் எங்கள் ஊர் உறைப்பு இல்லை. சுதன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்து எத்தனையோ காலம்.

எங்கள் வீடு பருத்தித்துறைப் பக்கம். அவனுடைய அக்கா நான், தபால் கந்தோரில் வேலை செய்கிறேன். தம்பி பதின்மூன்று வருடம் ரொறொன்ரோவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான். அங்கேதான் அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. அங்குள்ள டொக்டர்மார் ஒரு பெயர் சொல்லி, வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றார்கள். ஊருக்குத் திரும்பியபோது கோவில் ஐயர் அதைச் செய்வினை என்றார். அம்மாவோ, அது கனடாக் குளிர் மண்டைக்குள் இறங்கியது, வெயில் பட்டால் போய்விடும் என்று இன்றும் நம்புகிறார். மூன்றாவதாக ஒரு சொல் கேட்கத்தான் பெங்களூர் வந்தோம். அது நல்ல சொல்லாக இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. ஓசூர் ரோட்டைக் கடப்பதே ஒரு யுத்தம். எங்கள் ஊரில் வாகனம் மனிதரைக் கண்டு வேகத்தைக் குறைக்கும். இங்கே மனிதர் கையை நீட்டி வாகனங்களைப் பிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். சுதன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே மரங்களும் நிழலும் உட்கார நீள வாங்குகளும். வாங்கு நிறையச் சனம். அசாம்காரர், வங்காளிகள், கேரளத்தார், ஆனேக்கல் பக்கத்துக் கிராமத்தவர்கள். மொழி வேறு, உடை வேறு. நோயாளியின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்திருக்கும் விதம் மட்டும் ஒன்று. ரொறொன்ரோவில் சுதன் கிளினிக்குக்குத் தனியாகத்தான் போவானாம். அங்கே காத்திருக்கும் அறையில் எல்லாருமே தனித்தனியாகத்தான் இருப்பார்களாம். அதை அவன் எந்தக் குறையும் சொல்லாமல், வானிலை சொல்வது போலச் சொன்னான்.

எங்களைப் பார்த்த டொக்டர் இளம் பெண். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பமாம். தாதியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், ஃபோனில் ஆங்கிலம் என்று மூச்சுவிடாமல் மாறினார்.

"சொல்லுங்க சுதன். டொரான்டோல குரல் என்ன சொல்லும்?"

நான் அவனுக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தேன். டொக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அங்க இங்கிலீசிலதான் ஏசுவினம்," என்றான் சுதன். "வேலையில இருந்த சுப்பர்வைசரின்ர குரல். நீ ஒண்டுக்கும் உதவாதவன், உன்னைத் திருப்பி அனுப்பப்போறம், பொலிஸ் வருது எண்டு வெருட்டுவான்."

"ஊருக்குத் திரும்பின அப்புறம்?"

"அவன் வாறேல்லை. அப்பா வந்தார். செத்துப்போன அப்பா. ஏசமாட்டார். வேலைதான் சொல்லுவார். கேற்றைப் பூட்டு, மாட்டைக் கட்டு, வாழைக்குத் தண்ணி விடு எண்டு."

ஊருக்கு வந்த பிறகு அவன் இரவில் எழுந்து எழுந்து கேற்றைப் பூட்டுவான். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டார். நானும்தான்.

"இப்போ? இங்க வந்த அப்புறம்?"

சுதன் கொஞ்சம் சிரித்தான். "இஞ்ச கனபேர் கதைக்கினம். ஆனா விளங்கேல்லை. கன்னடம்போல கிடக்கு. அவை என்னோட கதைக்கேல்லை, தங்களுக்குள்ள கதைக்கினம். அது நிம்மதியாத்தான் இருக்கு."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். நான் பயணம் முழுக்கச் சுமந்து வந்த கேள்வியைக் கேட்டேன். "எங்கட சனத்துக்குத்தான் இது கூடவோ டொக்டர்? சண்டையாலயோ? இல்லாட்டி வெளிநாடு போறதாலயோ?"

"எல்லா ஊர்க்காரங்களும் இதையேதான் கேக்கறாங்க," என்றார். "எங்க ஊர்ல மட்டும் ஜாஸ்தியான்னு. எண்ணறதே கஷ்டம்மா. எங்க காலேஜ்ல ஒரு தரம் பல நாட்டுத் தமிழர்களை ஒப்பிடலாம்னு கேள்வி தயார் பண்ணோம். 'ரெண்டு வாரமா வருத்தமா இருக்கீங்களா?'ங்கறதுதான் முதல் கேள்வி."

நான் எங்கள் ஊர் அர்த்தத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அப்போ உங்க ஊர்ல சளி பிடிச்சவங்க எல்லாம் ஆமான்னு சொல்லியிருப்பாங்க. நாங்க அதை மனச்சோர்வுன்னு எழுதியிருப்போம்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார்: "ஊர் விட்டுப் போனவங்களுக்கு இந்த நோய் ஜாஸ்தியா வருதுன்னு நிறைய நாட்டுல பாத்திருக்காங்க. தனிமையா, அங்க நடத்தற விதமா, ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாது. ஆனா உங்க தம்பிக்கு இருக்கிறது நோய்தான். மூணு ஊர்லயும் ஒரே நோய். குரல்தான் ஊருக்குத் தகுந்த மாதிரி மாறுது."

புது மாத்திரை எழுதினார். பழையதை அவன் ஒழுங்காகப் போடவில்லை என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். நான் கேட்க வந்த சொல் அது இல்லை. வெளியே வந்து மரத்தடியில் வெகுநேரம் இருந்தேன். சுதன் எனக்கு ஒரு இளநீர் வாங்கித் தந்தான்.

வியாழக்கிழமை சந்து முழுக்கச் சனம். குழந்தை இயேசுவுக்கு வியாழன்தான் விசேஷம். மெழுகுவர்த்தி விற்பவர்கள், பூ விற்பவர்கள், பொட்டு வைத்த பெண்கள், புர்கா போட்ட பெண்கள் எல்லாம் ஒரே வரிசையில். எங்கள் நாட்டிலும் மடுமாதா கோவிலுக்கு எல்லாச் சமயத்தாரும் போவார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்தில் நின்றவளிடம், "போன வாரம் சாமி எங்கிட்ட பேசிச்சு, பயப்படாதேன்னு சொல்லிச்சு," என்றாள். மற்றவள் கண் கலங்கி அவள் கையைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் சுதனைப் பார்த்தேன். அவன் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். சாமி பேசியது என்றவளை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று யோசித்தேன். எங்கள் ஊர்க் கோவிலடியில் காலம் காலமாகத் தனக்குள் பேசிக்கொண்டு திரியும் ஒருவரைச் சனம் சாமியார் என்று சொல்லிச் சோறு போடுகிறது. அவரையும் எவரும் எண்ணவில்லை.

அன்று பின்னேரம் மொட்டைமாடியில் எல்லாருக்கும் பொதுவான அடுப்பில் ஹாரூன் பாய் சமைத்துக்கொண்டிருந்தார். வங்காளதேசத்தில் சில்ஹெட் பக்கத்துக்காரர். பேசுவதையே நிறுத்திவிட்ட மகனோடு பக்கத்து அறையில் இருந்தார். கடுகெண்ணெயில் மீன் குழம்பு. வாசனை மாடியைத் தூக்கியது. அருள்மேரி உருது பேசுவார், ஹாரூன் பாய்க்கும் அது ஓரளவு வரும். அவர் வழியாகத்தான் எங்கள் கதை நடந்தது.

"எங்கள் ஜில்லாவில் இந்த நோயே கிடையாது," என்றாராம் ஹாரூன் பாய்.

"அப்ப ஏன் இஞ்ச வந்தவராம்?" என்று கேட்டேன்.

அருள்மேரி கேட்டுச் சொன்னார்: "அவரு பையனுக்கு மட்டும் வந்துச்சாம்."

ஹாரூன் பாய் அதை நம்பித்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்து ஊரில் வேறு எவரும் இப்படி இல்லை. அவருடைய ஊராரைக் கேட்டால் அவர்களும், ஹாரூனின் மகன் கல்கத்தாவுக்குப் படிக்கப் போயிருக்கிறான் என்று சொல்வார்களாம். அப்படித்தான் அவர் சொல்லி வைத்திருக்கிறார்.

"எங்க தெருவுலயும் இந்தப் பேஜாரெல்லாம் கிடையாதும்மா," என்றார் அருள்மேரி. "குடிதான். குடிச்சா கத்துவானுங்க, காலைல சரியாப்பூடுவானுங்க."

சுதனின் முகம் அந்த வாரத்தில் தெளிந்துகொண்டு வந்தது. ஜாக்கெட்டைக் கழற்றினான். கீழே போய்ப் பால் வாங்கி வந்தான். கடைக்காரன் கொஞ்சம் சில்லறை கேட்டு 'ஸ்வல்ப்ப சேஞ்ச் கொடி' என்றதை வந்து எனக்குச் சொல்லிக் காட்டினான். அம்மாவிடம் என் ஃபோனில், "இஞ்ச நல்லாயிருக்கு அம்மா. அக்காதான் மெலிஞ்சுபோனா," என்றான். எனக்குள் அம்மாவின் நம்பிக்கை திரும்பவும் தலைதூக்கியது. டொக்டருக்கும் பிழை வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவனை மல்லேஸ்வரத்துக்குக் கூட்டிப்போனேன். வெண்ணெய் உருகி ஓடும் தோசை சாப்பிட்டோம். ஒரே மேசையில் எங்களோடு இருந்த வயதான தம்பதி கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்துச் சண்டை போட்டார்கள். சாம்பார் இனிக்கிறது என்று அவர், இனிக்கவில்லை என்று அவள். சுதன் தட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். சந்தைத் தெருவில் செவ்வந்திப் பூவைக் குவித்து வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு என்று ஒரு சிறிய பித்தளை விளக்கு வாங்கினான்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் இறங்கி வேறு பாதைக்கு மாறவேண்டும். வண்டிக்குள் மூச்சுவிட இடமில்லை. கதவு திறந்ததும் சனம் என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தேன். சுதன் உள்ளேயே நின்றான். உள்ளே ஏறிய கூட்டம் அவனைக் கம்பியோடு அழுத்தி வைத்திருந்தது.

"சுதன், இறங்கு! இறங்கு! இறங்கடா!"

கதவு மூடிவிட்டது. கண்ணாடியில் கையால் அடித்து அடித்துக் கத்தினேன். அவன் கண்ணைப் பார்த்தேன். வண்டி போய்விட்டது.

அவனிடம் ஃபோன் இல்லை. ரொறொன்ரோவில் இருந்த காலத்திலிருந்தே தன்னிடம் ஃபோன் வைத்திருக்க அவனுக்குப் பயம். நான் மேடையில் நின்ற காவலரிடம் ஓடினேன். என் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை. "நீங்க மலையாளியா?" என்று கேட்டார். இன்னொரு ஊழியர் வந்து, நான் மெதுவாகச் சொல்ல, புரிந்துகொண்டு ஒவ்வொரு நிலையத்துக்கும் பேசினார். "என்ன மாதிரி ஆளு? என்ன பேரு? குடிச்சிருப்பாரா?"

"இல்லை. சுகமில்லாதவர்."

"எந்த மாதிரி சுகமில்ல?"

"பயப்படுவார்," என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பாதையின் தெற்குக் கடைசி நிலையத்தில் அவன் இருப்பதாகத் தகவல் வர வெகுநேரம் ஆனது. நானும் அந்த ஊழியரும் போனோம். அலுவலக அறையில், தரையில், சுவரோடு ஒட்டிக்கொண்டு சுதன் இருந்தான். சட்டையின் தோள்பட்டை கிழிந்து தொங்கியது. பக்கத்தில் காவலுக்கு நின்ற பெண் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் கன்னடத்தில் சொன்னதை ஊழியர் எனக்குத் தமிழில் சொன்னார்: எல்லாரும் இறங்கிப் போன பிறகு இவர் மேடை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்டவாளத்துப் பக்கம் தொங்கப் போட்டாராம். உடனே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். கீழே கரண்ட் ஓடுகிற கம்பி இருக்கிறதாம்.

நான் அவன் பக்கத்தில் குனிந்து, "சுதன்," என்றேன்.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினான். "கதைக்காதே! நீ கதைக்காதே!"

"நான்தானடா, அக்கா."

"தெரியும். நீதான் இறங்கு இறங்கு எண்டு சொன்னனீ. வண்டி முழுக்க நீதான். இப்பவும் நீதான் சொல்லுறாய்."

அந்த அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆட்டோவில் அவன் ஒரு ஓரம், நான் மறு ஓரம். அந்தக் காவல் பெண், தன் வேலை நேரம் முடிந்திருந்தும், நடுவில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. பித்தளை விளக்கு மெட்ரோவிலேயே போய்விட்டது.

அன்றே அவனை வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இப்போதைக்கு நீங்க பக்கத்துல இருக்க வேண்டாம். அவருக்கு இப்போ கேக்கறது உங்க குரல். மாத்திரை வேலை செய்ய நாளாகும்."

"நான் இல்லாட்டி ஆர் பாக்கிறது?"

இங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கவேண்டும். அது இந்த நாட்டு வழக்கம். முதல் நாள் அதைப் பார்த்து, ரொறொன்ரோவைவிட இது எவ்வளவு மேல் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது அந்த வீட்டாள் நான்தான், நானே இருக்கக்கூடாது.

அருள்மேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். "நான் இருக்கேன். நீ வீட்டுக்குப் போய்ப் படு. ஹாரூன் பாய் ராத்திரி ஊட்டா குடுத்தனுப்புவாரு." உறவு என்ன என்று தாதி கேட்டபோது, "பெரியம்மா," என்றார். எவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் நான் தினமும் வார்டுப் படிக்கட்டின் அடியில் இருப்பேன். அருள்மேரி இறங்கி வந்து சேதி சொல்வார். இன்றைக்கு இட்லி சாப்பிட்டான். இன்றைக்குக் குளித்தான். இன்றைக்கு அழுதான். ஒருநாள் அவர் என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க தெருவுல இதெல்லாம் கிடையாதுன்னு சொன்னேன்ல?"

"ஓம்."

"எங்க வீட்டுக்காரரு ஹார்ட் அட்டாக்குல போய்ட்டார்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன். சர்ச்சுல, ரேஷன் கடைல, எம் பொண்ணு மாமியார் வீட்ல. எல்லார்கிட்டயும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அவரும் இப்டித்தான் காதைப் பொத்திக்குவாரு. குடின்னு நெனச்சி நான் அடிச்சிருக்கேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய கணவரையும், கல்கத்தாவில் படிப்பதாகச் சொல்லப்படும் அந்தப் பையனையும், கேற்றைப் பூட்டிப் பூட்டி எங்களைச் சந்தோஷப்படுத்திய என் தம்பியையும் விட்டுவிட்டுத்தான் எந்த ஊரும் தன்னை எண்ணிக்கொள்கிறது. எங்கே கூட, எங்கே குறைவு என்று கேட்க எனக்கு அதன் பிறகு மனம் வரவில்லை.

எனது விடுமுறை முடிய இருந்தது. சுதன் இன்னும் சில வாரம் இருக்கவேண்டும் என்றார்கள். ஊரிலிருந்து சித்தப்பா மகன் வந்து பொறுப்பெடுக்க ஏற்பாடானது. புறப்படுவதற்கு முதல் நாள் டொக்டர் சொன்னார்: "போய்ப் பாருங்க. ஆனா பேசாதீங்க. ஒரு வார்த்தைகூட."

சுதன் கட்டிலில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தாடி மழித்திருந்தார்கள். கழுத்தெல்லாம் எலும்பு. நான் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். வாயைத்தான் பார்த்தான். நான் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் தோள் தளர்ந்தது.

அப்படியே இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு அணில் ஓடியது. அவன் பார்த்தான், நானும் பார்த்தேன். தன் தட்டிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை என் பக்கம் தள்ளினான். சாப்பிட்டேன். கண்ணீர் வந்துகொண்டேயிருந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

மாத்திரைத் தட்டோடு ஒரு புதுத் தாதி வந்தாள். கன்னடத்தில் என்னிடம் ஏதோ கேட்டாள். நான் பேசவில்லை. தமிழில் கேட்டாள்: "உங்க பேர் என்னம்மா?" நான் பேசவில்லை. சத்தமாகக் கேட்டாள். நான் அழுதபடி அவளைப் பார்த்தேன். அவள் தட்டிலிருந்த சீட்டில் கட்டில் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"அவ இல்லை," என்றான் சுதன். "நான்தான் வருத்தக்காரன்."

கையை நீட்டி மாத்திரையை வாங்கி விழுங்கினான். பிறகு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.